வாகனத்துக்கு எழுதிக் கொடுக்கவிருந்த பத்துப் பேர்ச்



இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். வளவு பிரிக்க இருப்பவர்கள், மகள்மாருக்கு வீடு கட்ட அத்திவாரம் போட நினைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. ஆறே முக்கால் இருக்கும். பாடசாலைக்குப் பிந்துகிறது என்ற அவசரத்தில் காரை ரிவர்ஸ் எடுத்தேன். லீசிங்கில் எடுத்த சின்னக் கார்தான், பலரும் பார்த்திருப்பீர்கள். பின் டயருக்குக் கீழே ஏதோ நொறுங்குகிற சத்தம். இறங்கிப் பார்த்தால் சகலனின் மகனுடைய மூன்று சில்லு சைக்கிள், ஹேண்டில் வளைந்து, சீட் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

பிள்ளையைக் காணவில்லை.

அந்தச் சில நொடிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. குனிந்து காருக்குக் கீழே பார்த்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவன் குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு ரஸ்க். உம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டதால் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாலு வயது. என்னைப் பார்த்து, "பெரிய வாப்பா, என்ட சைக்கிள்" என்று அழுதான். வீட்டில் யாரும் எனக்கு ஏசவில்லை. "சைக்கிள்தானே, அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார்கள். பின்னேரமே புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. முன் வரிசையில் இருந்த மாணவி, "சேர், காய்ச்சலா?" என்று கேட்டாள்.

நடந்தது மெயின் ரோட்டிலோ ஒழுங்கையிலோ இல்லை. எங்கள் வளவுக்குள்ளே, வேலிக்கு உள்ளே. பிள்ளைகளை "ரோட்டுக்குப் போகாத, வளவுக்குள்ள விளையாடு" என்று துரத்துகிறோமே, அந்த வளவுக்குள்ளே. ஓட்டியதும் வெளியாள் இல்லை, நான்தான்.

எங்கள் வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமிக்கு நாலு பெண் மக்கள். 50 பேர்ச் வளவு. மூத்தவர் என் மனைவி, நாங்கள் முன்னால் உள்ள பழைய வீட்டில். இரண்டாமவரின் வீடு பின்னால். மூன்றாமவரின் மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறார், இனித்தான் வீடு எழும்ப வேண்டும். நாலாமவர் இன்னும் படிக்கிறார். நடுவில் ஒரு மாமரம், கிணறு, கொஞ்சம் வெள்ளை மணல். எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த கதைதான் இது. மகள்மாருக்கு வீடு கொடுத்துக் கொடுத்து, வளவு பாணைப் போல வெட்டுப்பட்டுக்கொண்டே போகும்.

என் சின்ன வயதில் எங்கள் வாப்பும்மாவின் வளவில் மதில் இருக்கவில்லை. கிடுகு வேலி. வேலியில் ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் அடுத்த வளவுக்கு, அங்கிருந்து இன்னொரு வளவுக்கு. தெருவில் காலே வைக்காமல் ஆறேழு வீடு போகலாம். கறிக் கிண்ணம் போகும், கடனாக ஒரு சுண்டு அரிசி போகும், சண்டையும் போகும். பிள்ளைகள் யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. மஃரிப் வரைக்கும் அந்த மணலில்தான் எங்கள் வாழ்க்கை.

பிறகு மதில் வந்தது. சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கத்துச் சனமும் உள்ளே வந்தது, காணி விலை ஏறியது, வளவு இன்னும் சுருங்கியது. கடைசியாக வாகனம் வந்தது. வாகனத்துக்குக் கேற் வேண்டும், பாதை வேண்டும், போர்டிகோ வேண்டும், டயரில் மணல் ஒட்டாமல் இன்டர்லொக் கல் வேண்டும். மார்கழி மழைக்கு முன்பெல்லாம் மணல் தண்ணீரைக் குடித்துவிடும். இப்போது கல்லில் விழுந்த தண்ணீர் நேரே அடுத்த வீட்டுக் குசினிக்குப் போகிறது. மழைக்கு அடுத்த நாள் மதிலடியில் நடக்கும் சண்டைகளை நான் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் நொறுங்கிய கிழமைக்குப் பிறகுதான் சேவேயர் வந்து வளவை நாலாகப் பிரிக்கும் படத்தைக் கீறிக் கொடுத்தார். நடுவால் 12 அடிப் பாதை, 120 அடி நீளம், கடைசியில் வாகனம் திருப்ப 25க்கு 25 அடி இடம். கேட்டது நாங்கள்தான், அவரில் பிழை இல்லை. மாமரமும் கிணறும் பாதைக்குள் போகின்றன.

இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. பாதையும் திருப்பும் இடமும் 2,065 சதுர அடி, அது ஏழரைப் பேர்ச். ஒவ்வொரு வீட்டிலும் போர்டிகோ 10க்கு 18 அடி என்றால் நாலு வீட்டுக்கும் 720 சதுர அடி, அது இரண்டரைக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் பத்துப் பேர்ச்.

மிச்சம் 40 பேர்ச். நாலு மகள்மாருக்கும் ஆளுக்குப் பத்து.

விளங்குகிறதா? வாகனத்துக்குப் போகும் இடமும் ஒரு மகளின் பங்கும் ஒரே அளவு. மாமிக்கு ஐந்தாவதாக ஒரு மகள் இருந்திருந்தால் "ஐயோ, இடம் காணாதே" என்று அழுதிருப்போம். நாலு வாகனத்துக்கு அதே பங்கைச் சத்தமில்லாமல் எழுதிக் கொடுக்கப் பார்த்தோம். அதிலும் இரண்டு வாகனம் இன்னும் வாங்கவே இல்லை!

நான் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிப்பவன். குடியிருப்புகள் பற்றிய பாடத்தில் ஜேர்மனியின் பிரைபுர்க் நகரத்தில் உள்ள வோபான் என்ற குடியிருப்பைப் பற்றி வருடா வருடம் சொல்வேன். அது முன்பு இராணுவ முகாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுப் படைகள் அங்கே இருந்தன. 1992இல் அவர்கள் வெளியேறிய பிறகு நகரசபை அந்த இடத்தில் குடியிருப்பு அமைத்தது. ஏறத்தாழ 40 ஹெக்டேயர், இப்போது சுமார் 5,500 பேர் வாழ்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே அங்கு குடிவர இருந்தவர்களைக் கூட்டி வைத்துப் பேசித்தான் திட்டமிட்டார்கள்.

அவர்கள் செய்த வேலை மிகவும் எளிமையானது. அங்கே யாரும் காரைத் தடை செய்யவில்லை. காரை வீட்டு வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள மாடித் தரிப்பிடத்தில் இடம் வாங்க வேண்டும். அதற்குப் பல ஆயிரம் யூரோ. கார் இல்லாதவர் "என்னிடம் கார் இல்லை" என்று வருடாவருடம் எழுதிக் கொடுத்தால் அந்தச் செலவு இல்லை. வீடுகளுக்கு நடுவே உள்ள வீதிகளில் வாகனம் நிறுத்த முடியாது. சாமான் இறக்கலாம், நோயாளியை ஏற்றலாம், அம்பியுலன்ஸ் வரலாம், ஆனால் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் வர வேண்டும். அந்த வீதிகளில் பிள்ளைகள் சோக்கால் கீறி விளையாடுகிறார்கள். முகாம் காலத்துப் பழைய மரங்களை முடிந்தவரை வெட்டாமல் விட்டார்கள். வீட்டு வரிசைகளுக்கு இடையில் பொதுவான பசுமை நிலங்களை விட்டு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று அந்த அந்த வரிசையில் இருப்பவர்களிடமே கேட்டார்கள். 2006இல் ட்ராம் பாதை வந்தது. அதன் தண்டவாளத்துக்கு இடையிலும் புல்தான்.

இன்னொரு விடயம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த மாநிலச் சட்டப்படி வீடு கட்டினால் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடம் காட்ட வேண்டும். கார் இல்லாத குடும்பங்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, "எங்களுக்கு எப்போதாவது தேவைப்பட்டால் இங்கே தரிப்பிடம் கட்டலாம்" என்று ஒரு காணியை ஒதுக்கி வைத்தன. தேவை வரும்வரை அது பசுமையாகத் திறந்து கிடக்கிறது, சனங்கள் அதில் கூடி இருக்கிறார்கள். சட்டமும் மீறப்படவில்லை, கொங்கிரீட்டும் போடவில்லை.

அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். காரைப் பக்கத்து வீதிகளில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வருபவர்களும் இருக்கிறார்கள் என்று அயலவர்கள் முறைப்பட்டிருக்கிறார்கள். மனிதன் எங்கும் மனிதன்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள், "சேர், அது வெள்ளக்காரன்ட ஊரு. நம்மட ஊருல நடக்குமா?" நான் சிரித்துக்கொண்டே, "வசதி உள்ளவன் செய்வான் மகள். நமக்கு இது பரீட்சைக்கு மட்டும்" என்றேன். அந்தப் பதிலுக்கு நான் இப்போது வெட்கப்படுகிறேன். வெளியே வாகனம், உள்ளே வீடுகள், நடுவில் எல்லோருக்குமான நிழல். இதில் வெள்ளைக்காரனுடையது எது? மாட்டு வண்டியை வளவுக்கு வெளியே அவிழ்த்துவிட்டுக் கடப்பால் உள்ளே வந்த நம் மூத்தவர்கள் இதைத்தானே செய்தார்கள்?

அது மட்டுமா? 2022ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் இல்லை. கியூவில் இரவு பகலாக நின்றோம், பிறகு கியூஆர் வந்தது. பாடசாலை மூடிக் கிடந்தது. கஷ்ட காலம்தான், அதைப் புகழ நான் வரவில்லை. ஆனால் அந்த மாதங்களில் நம் ஒழுங்கைகள் எப்படி இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் நடு ரோட்டில் கிரிக்கெட் விளையாடினார்கள். பெரியவர்கள் அஸருக்குப் பிறகு கதிரையைக் கேற்றுக்கு வெளியே போட்டு இருந்தார்கள். நான் இருபது வருடத்துக்குப் பிறகு சைக்கிளில் பாடசாலைக்குப் போனேன். வழியில் எத்தனை பேருக்கு ஸலாம் சொன்னேன்! காரில் போகும்போது ஹோர்ன் மட்டும்தான் அடிக்கிறேன். அப்போது வாகனம் இறக்குமதி நின்றிருந்தது. 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்டார்கள். ஒழுங்கையின் அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எல்லோரையும் மாமரத்துக்குக் கீழே இருத்தி என் கொப்பியைக் காட்டினேன். என் யோசனை இதுதான்: வளவின் முகப்பில், ரோட்டோரமாக, 32 அடிக்கு 18 அடி இடத்தில் நாலு வாகனத்துக்கும் ஒரே கூரை. அது இரண்டு பேர்ச். உள்ளே போகும் பாதையையும் சேர்த்து நடுவில் பத்துப் பேர்ச் நாலு பேருக்கும் பொது. மரமும் கிணறும் அதற்குள். நாலு வீட்டு வாசலும் அதைப் பார்த்தபடி. பாதையை அம்பியுலன்ஸ் வரும் அகலத்துக்கு விட்டு, வாயில் ஒரு சங்கிலி. திறப்பு நாலு வீட்டிலும்.

கத்தாரிலிருந்து வீடியோ கோலில் இருந்த சகலன்தான் முதலில் கேட்டார். "மச்சான், சேவேயர்ட படத்தில எனக்குப் பத்தரைக்கு மேல இரிக்கி. ஒங்கட கணக்கில ஒம்பதரை. உறுதியில ஒரு பேர்ச் குறையுதே. நான் இஞ்ச வெயில்ல நிண்டு உழைக்கிறன். ஊட்டு வாசலுக்கு என்ட வாகனம் வரக் கூடாதா?"

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. போர்டிகோ தேவையில்லை என்பதால் உண்மையில் குறைவது அரைப் பேர்ச்தான் என்று விளக்கினேன். ஆனால் அரைப் பேர்ச்சும் ஒரு அறை. அதை நான் மறைக்கவில்லை.

இரண்டாம் சகலன் ஆட்டோ ஓடுபவர். "விடியச் சாமம் ஹயர் வந்தா ஓடி வரணும். களவு போனா யார் பொறுப்பு?" அதுவும் நியாயம், அவர் சோறு அந்த ஆட்டோவில். கூரைக்குக் கீழே லைட் போடுவது, அவருடைய இடம் ரோட்டுக்கு மிகக் கிட்ட, அதற்குப் பூட்டும் கேற் என்று முடிவானது. இப்போது உள்ளேயிருந்து ரிவர்ஸ் எடுக்கும் நேரம் அவருக்கு மிச்சம்.

என் மனைவி முழங்காலைப் பற்றிக் கேட்டார். மாமிக்கு முழங்கால் வருத்தம். கிளினிக் நாளில் நடக்க முடியாது. அதற்குத்தானே திறப்பு? நோயாளி, சாமான், கல்யாணம், ஜனாஸா எதற்கும் சங்கிலி கழரும். இரவில் நிறுத்தி வைக்க மட்டும் முடியாது.

அடுத்த கேள்வியை யாரும் கேட்க விரும்பவில்லை. கடைசியில் இரண்டாமவர் சொன்னார், "சின்னவளுக்கு மாப்பிள்ள பார்க்கிறம். பொண்ணு ஊட்டுக்கு வாகனம் வருமாண்டுதான் முதல்ல கேக்கிறாங்க."

எல்லோரும் மௌனம். நாலாமவர் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படிக் கேக்கிறவருக்கு வாகனத்தையே கட்டிக் குடுங்க. எனக்கு மரம் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமி சிரித்த சிரிப்பில் வெற்றிலை வெளியே வந்துவிட்டது.

ஆனால் விடயத்தைத் தீர்த்தது என் கணக்கும் இல்லை, வோபானும் இல்லை. மாமிதான். அவர் சொன்னார்: "மருமகன், நடுவால ரோட்டுப் போனா கேற் எந்நேரமும் திறந்துதான் கிடக்கும். மீன்காரன் வருவான், பார்சல்காரன் வருவான். பிறகு நான் என்ட புள்ளட ஊட்டுக்குப் போறதுக்கு அபாயா போட்டுக்கிட்டா போறது? என்ட உம்மா காலத்தில இருந்து நாங்க வளவுக்குள்ள இஷ்டத்துக்கு நடந்த ஆக்கள்."

நான் பத்துப் பேர்ச்சைக் கணக்குப் பார்த்தேன். அதில் பெண்களின் நடை இருக்கிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. பிள்ளையின் சைக்கிளை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை சேவேயர் புதிய படத்தோடு வந்தார். நடுவில் உள்ள பத்துப் பேர்ச்சை நாலு பேருக்கும் பிரிக்காத பங்காகவும், அதில் யாரும் கட்டிடம் எழுப்பவோ வாகனம் நிறுத்தவோ முடியாது என்றும் உறுதியில் எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கொடுத்திருக்கிறோம். வாய்ப் பேச்சை நான் நம்பவில்லை. இன்று எல்லோரும் சம்மதிப்போம், நாளை நம் பிள்ளைகளின் மாப்பிள்ளைமார் வேறு கதை கதைப்பார்கள். கத்தார்ச் சகலனுக்கு இன்னும் முழு மனம் இல்லை. "செய்யுங்க மச்சான், வந்து பார்ப்பம்" என்றிருக்கிறார். அவர் வரும்போது மரத்தடியில் இருக்க வைத்துக் கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் ஒரு பின்னேரம் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இதை ஏன் ஊருக்குச் சொல்கிறேன்? எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது நாலு பேரின் சம்மதம். ஆனால் ஊரில் இன்று காணிகள் பெரிய அளவில் பிரிபடுகின்றன. ஒரு ஏக்கர் காணியைப் பன்னிரண்டு, பதினான்கு துண்டாக்கி, நடுவில் ரோட் கீறி விற்கிறார்கள். விளம்பரத்தில் முதல் வரி "எல்லாத் துண்டுக்கும் வாகனம் செல்லும் பாதை". அதில் ஒரு மரம் நிற்கும் இடம், பிள்ளை ஓடும் இடம் எங்கே என்று வாங்கும் நாமும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. கேட்கத் தொடங்குங்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பேர்ச் விட்டால் பன்னிரண்டு பேர்ச் தோட்டம். வாகனங்களை வாயில் ஒன்றாக நிறுத்தினால் ரோட்டின் பாதி மிச்சம். காணி பிரித்து விற்கும் சகோதரர்களே, அப்படி ஒன்றை ஒரு தடவை செய்து பாருங்கள். கேட்டு வாங்க ஆள் இருக்கிறது. நான் கூட்டி வருகிறேன்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானில் ஒரு பகுதி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். நம் வீட்டுப் பாதையில் இன்று கிடக்கும் பெரிய முள் எது என்று நான்தான் பிந்தி விளங்கிக்கொண்டேன்.

இப்போது கார் முகப்பில்தான் நிற்கிறது. கூரை இன்னும் போடவில்லை, இரண்டு தகரம் வைத்திருக்கிறேன். வாசலிலிருந்து 46 எட்டு, எண்ணிப் பார்த்தேன். மழை நாளில் குடை வேண்டும், இரண்டு நாள் நனைந்தும் விட்டேன். நேற்றுக் காலை அந்த 46 எட்டுக்குள் சகலனின் மகன் புதுச் சைக்கிளில் எனக்குக் குறுக்கே வந்து, "பெரிய வாப்பா, தள்ளுங்க!" என்று கத்தினான். நான் தள்ளி நின்றேன்.

சேவேயரின் படம் வேண்டுமென்றால் கொமெண்டில் சொல்லுங்கள், இன்பொக்ஸில் அனுப்புகிறேன். என் கணக்கில் பிழை இருந்தால் கணிதப் பாட சேர்மார் திருத்துங்கள். உங்கள் வளவில் இதைவிட நல்ல வழி யாராவது கண்டிருந்தால் அதையும் எழுதுங்கள். மாமியிடம் வாசித்துக் காட்டுகிறேன்.